சித்திக்குத் தெரியாத இங்கிலீஷ்

பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை ஏற்ற ஒரு லாரி போதாது. அவ்வளவுக்கும் காரணம் இங்கிலீஷ். சாதாரண இங்கிலீஷ் இல்லை. வாத்தியார்களே ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத் தலையாட்டுகிற இங்கிலீஷ்.

ஓசூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை பிரேயரில் ஒரு பிள்ளை மைக் முன்னால் வந்து பத்துக் கடினமான வார்த்தைகளை அர்த்தத்தோடு ஒப்பிக்க வேண்டும். தடுமாறாமல் சொன்னால் அந்த வாரம் முழுக்கச் சட்டையில் ஒரு சிவப்பு பேட்ஜ். ஏழாம் வகுப்பில் அந்த பேட்ஜ் என் சட்டையை விட்டு இறங்கியதே கிடையாது. சூட்சுமம் என்னவென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் அம்மா எனக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அட்டை போன தடிப் புத்தகம். அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்கப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான வார்த்தைப் பட்டியல். கடைக்காரர் தராசில் போட்டு நிறுத்துக் கொடுத்தார். அதில் இருந்த வார்த்தைகள் அந்தப் பிரேயர் மைதானத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்பதுதான் அதன் விசேஷம். நான் தப்பாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

வீட்டிலும் விடமாட்டேன். ரசத்தில் உப்பு குறைந்தால் 'இன்சிப்பிட்' என்பேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் 'ஆமினஸ்'. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்பா கவிழ்ந்து படுத்துத் தூங்கினால் 'லெதார்ஜிக்'. "என்னாடி அது, திட்றியா?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவாள்.

பக்கத்து வீடு என்றால் சுவர் ஒட்டிய பக்கத்து வீடு. நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாக ஆறு கதவு, பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். அதில் இரண்டு வீடுகளில் எங்கள் சித்தி வேலை பார்த்த கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பெண்கள் குடியிருந்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி, வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நின்றாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒயர்களைச் சேர்த்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டி, நகர்ந்துகொண்டே இருக்கிற பலகையில் விட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் டேப் பசை ஒட்டியிருக்கும்.

சித்தி எம்.ஏ. இங்கிலீஷ். கிருஷ்ணகிரியில் ஐந்து வருஷம் காலேஜ் போய்ப் படித்து வாங்கிய பட்டம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது எனக்கு இது தெரியாது. எனக்குச் சொல்லப்பட்டிருந்தது வேறு. "உன் சித்தி காலேஜ் போனா, மூணாவது வருசம் பெயிலாயிட்டா, நின்னுட்டா. வெளிய கேட்டா ப்ளஸ் டூன்னு சொல்லு, போதும்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். நான் ஓட்டை வாய். என்னிடம் நிஜத்தைச் சொன்னால் குழாயடிக்குப் போவதற்குள் ஆறு வீட்டுக்கும் போய்விடும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

மறைக்க வேண்டிய காரணம் இதுதான். அந்தக் கம்பெனியில் லைனுக்கு ப்ளஸ் டூ முடித்த பெண்களை மட்டும்தான் எடுப்பார்கள். டிகிரி படித்தவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள், மற்றவர்களையும் கிளப்பிவிடுவார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம். அதனால் படித்த பெண்கள் பட்டத்தை ஊரில் விட்டுவிட்டு ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். சித்தி சேருவதற்கு முந்தைய வருஷம், பட்டமளிப்பு விழாப் போட்டோவைப் போனில் வைத்திருந்த ஒரு பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம். சித்திக்கு அடுத்த மாதம் வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு வருஷம் பணம் சேர்த்து பி.எட். படித்துவிடலாம். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய், ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு பெரிய விஷயம் ஒரே அறையில் என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. நானோ பெயிலான சித்தி என்று நினைத்து அவளிடம் வாத்தியார்த்தனம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"சித்தி, 'கேரலஸ்'னா என்னா?"

"தெரியலியே கண்ணு."

"'லொக்வேஷியஸ்'?"

"அதுவும் தெரியல."

"ரெண்டுமே வாயாடின்னு அர்த்தம். சரி வுடு, உனக்கு எதுக்கு?" என்பேன்.

சித்தி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே "ஆமா, எனக்கு எதுக்கு" என்பாள். ஒருநாள் ஒரு வார்த்தைக்கு நான் சொன்ன அர்த்தத்தைக் கேட்டுக் கத்தி நின்றது. சித்தி நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தவள், பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிற சுவரைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு உங்க மிஸ்ஸு கிட்ட ஒருக்கா கேட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் கேட்கவில்லை. மிஸ்ஸுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் மாங்காய் சீசனில் பெருங்காற்று அடித்தது. எங்கள் தாத்தாவின் தோப்பில் பாதிக் காய் ஒரே ராத்திரியில் தரையில். உதிர்ந்த காயை அன்றே பொறுக்கி மண்டிக்கு ஏற்றாவிட்டால் மாட்டுக்குக்கூட ஆகாது. போன் வந்ததும் சித்தி கம்பெனிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு நாள். சித்தி மட்டுமில்லை, கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போனார்கள். திரும்பி வந்ததும் எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். மெமோ. ஏன் வரவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கொடு என்று அர்த்தம். அதற்கு அங்கே பேரே மாங்காய் மெமோ.

இதில் யாரும் பதறுகிற வழக்கமில்லை. மாங்காய் மெமோவுக்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. யாரோ எப்போதோ எழுதிய கடிதம். எனக்குக் காய்ச்சல், டாக்டரிடம் போனேன், மன்னிக்கவும் என்று நாலு வரி. அதன் போட்டோ ஒவ்வொரு சீசனுக்கும் போனுக்குப் போன் போகும். பேரையும் தேதியையும் மாற்றிக் காப்பி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆபீசிலும் அது பொய் என்று தெரியும். நாற்பது பேருக்கு ஒரே நாளில் ஒரே காய்ச்சல், ஒரே எழுத்துப் பிழையோடு வருமா? வாங்கி ஃபைலில் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

சித்திக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் கையெழுத்து. ஐந்து வருஷம் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதிய கை. பேனாவை வைத்தால் இங்கிலீஷ் கோடு மாதிரி ஓடும். பார்த்தவுடன் ஆள் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியில் தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவாள். அதனால் ஒரு வெள்ளைத்தாளின் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து, போனில் இருந்த கடிதத்தைக் காட்டினாள்.

"கண்ணு, இத அப்படியே உன் கையெழுத்துல எழுதி வையி. காலைல பர்ஸ்ட் ஷிப்ட். நான் படுக்கறன். ஒரு எழுத்து மாத்தக் கூடாது, இன்னா?"

நான் படித்துப் பார்த்தேன். சீ! மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற லீவ் லெட்டர். என் கையால் இதை எழுதுவதா? என் சித்தி இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவளை யார் மதிப்பார்கள்? பாவம், பெயிலானவள், அவளுக்கு நல்லது கெட்டது தெரியவில்லை, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், சித்தி மேல் இருந்த பாசத்தில்தான் செய்தேன். கொஞ்சம் என் மேல் இருந்த பாசமும் உண்டு.

தடிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ச்சல் 'பைரெக்ஸியா' ஆனது. வெறும் பைரெக்ஸியா இல்லை, ஆளையே சாய்த்துவிடுகிற 'டெபிலிடேட்டிங்' பைரெக்ஸியா. மோசமான வானிலையால் அது இன்னும் 'எக்ஸாசர்பேட்' ஆகிவிட்டது. கடைசியில் மேலதிகாரியின் 'மேக்னனிமிட்டி'யை, அதாவது பெருந்தன்மையை நாடி, கெஞ்சுவதற்குப் பதிலாக 'பிசீச்' செய்தேன். நாலு வரி பதினாலு வரியாகி, சித்தியின் தமிழ்க் கையெழுத்தை வந்து இடித்துக்கொண்டு நின்றது. மடித்து, கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். அம்மா அதைச் சித்தியின் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். சித்தி பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சித்தி பேயறைந்த மாதிரி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "என்னா கண்ணு எழுதின?" என்றாள்.

நான் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுக் கடிதத்தையும் ஒப்பித்தேன். பைரெக்ஸியா வந்தபோது சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். முடித்தவுடன் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு வருமென்று நினைத்த இடத்தில் அடி.

"அவள அடிக்காதக்கா," என்றாள் சித்தி. "லெட்டர் நல்லாத்தான் இருக்குது. அதான் பிரச்சின."

பிறகு கதவைச் சாத்திவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்கள். கடிதத்தைப் பார்த்த ஹெச்.ஆர். சார் சித்தியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தவள் ப்ளஸ் டூ என்று பொய் சொல்லிச் சேர்ந்திருக்கிறாய், என்ன டிகிரி, உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறார். அக்கா மகள் எழுதியது, ஏழாவது படிக்கிறாள் என்றிருக்கிறாள் சித்தி. அவர் நம்பவில்லை. சனிக்கிழமை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சித்தியா? இந்த லெட்டர சித்தியா எழுதினா? ஐயோ, அந்த சாருக்கு அறிவே இல்லியா!"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்துப் போனாள். சித்தி என்னோடு சேர்ந்து சிரித்தாள். "பாரேன், என்னப் போயி" என்றாள்.

சனிக்கிழமை வரை அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். "சித்தி எது வரைக்கும் படிச்சிருக்கா?" "ப்ளஸ் டூ." "காலேஜு?" "போகல." "பெயிலானதும் சொல்லக் கூடாது. காலேஜுங்கற பேச்சே வரக் கூடாது. வந்துச்சு, சித்தி வேல போயிடும். நாக்க அறுத்துடுவன்."

"காலேஜ் போனா எதுக்கும்மா வேல போவும்? காலேஜ் போனாதான வேலன்னு எங்க மிஸ் சொல்றாங்க."

"உங்க மிஸ்ஸு இந்தப் பக்கம் வந்து பாக்கட்டும்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அப்பா வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுப் போனார். நான் யூனிபார்மில் போனேன், பேட்ஜ் குத்திக்கொண்டு. ஷிப்ட் முடித்து வந்த சித்தி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவள் கை ஈரமாக இருந்தது. சித்தி, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். அந்த வாயை என்னவென்று சொல்வது?

ஹெச்.ஆர். சார் பெங்களூர்க்காரர். தினமும் அத்திப்பள்ளி தாண்டி வந்து போகிறவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். கெட்டவர் மாதிரி இல்லை, அசதியாக இருக்கிற மாமா மாதிரி இருந்தார். பக்கத்து மேசையில் ஒரு அக்கா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பா, கூத்கோ," என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். சித்தி நின்றாள். "இந்த லெட்டரு நீனா எழுதினே?"

"எஸ் சார்."

"பைரெக்ஸியா அந்த்ரே ஏனு?"

"பீவர் சார்."

"மத்தே பீவர்னே எழுதறது தானே?"

"அது எல்லாரும் எழுதுவாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எக்ஸாசர்பேட் கேட்டார், சொன்னேன். மேக்னனிமிட்டி கேட்டார், அர்த்தத்தோடு எதிர்ப்பதமும் சேர்த்துச் சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டார், மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்காத ஏழெட்டு வார்த்தைகளையும் இறக்கினேன். கம்ப்யூட்டர் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அவர் கடிதத்தைச் சித்தியிடம் நீட்டினார். "நீ படிம்மா."

சித்தி இரண்டு கையாலும் வாங்கினாள். படிக்க ஆரம்பித்தாள். ஆஸ் என்றாள். ஐ என்றாள். அடுத்த வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். டெபிலிடேட்டிங் வந்தது. டெபி, டெபில், டெபிலி என்று சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி அங்கேயே நின்றாள். நெற்றியில் வியர்வை. எனக்கு மானம் போயிற்று. இவ்வளவு பெரிய ஆபீசில், இவ்வளவு நல்ல சார் முன்னால், என் சித்தி இப்படியா படிக்க வேண்டும்?

"டெபிலிடேட்டிங் சித்தி!" என்று கத்திவிட்டேன். "வூட்ல எத்தன தடவ சொல்லியிருக்கன்! சொன்னாலும் ஏறாது சார் இதுக்கு."

"சரி, சரி, பிடு, விடும்மா," என்றார் அவர். சித்தி தாளை மேசையில் வைத்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவர் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். போகிற போக்கில் கேட்கிற மாதிரி என்னிடம், "சித்தி எது வரைக்கும் படிச்சிருக்கா?" என்றார்.

"ப்ளஸ் டூ!" என்றேன். கேள்வி முடிவதற்கு முன்பே, பிரேயரில் சொல்கிற மாதிரி உரக்க.

அவர் பேனா நின்றது. "அப்படிச் சொல்லணும்னு யாரு சொன்னாங்க?"

"எங்கம்மா சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. சித்தி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை மூடினார். சித்தியின் முகத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, கம்ப்யூட்டர் அக்காவிடம் சாவகாசமாக இங்கிலீஷில் பேசினார்.

"ஷீ இஸ் லையிங். ப்ரிப்பேர் ஹெர் ரிலீவிங் லெட்டர். டுடே இட்செல்ஃப்."

பொய் சொல்கிறாள், வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தை அடி, இன்றைக்கே. இதற்குத் தடிப் புத்தகம் வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பு இங்கிலீஷே போதும்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்காக நிற்கிறவள் எதிர் கடையைப் பார்க்கிற மாதிரி மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த டேப் பசையை உரித்துக்கொண்டிருந்தாள். ஐயோ, இவளுக்குப் புரியவில்லையே, இவள் தலையில் இடி விழுந்திருக்கிறது, இவளுக்குத் தெரியக்கூட இல்லையே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாம் சார்! அனுப்பாதீங்க சார்! நான்தான் சார் எழுதினன்! சித்தி மாத்தாதன்னு சொல்லிச்சு, நான்தான் மாத்தினன் சார்!" நாற்காலியை விட்டு இறங்கி அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன்.

அப்போதுதான் சித்தி அசைந்தாள். பதறிப்போய் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னா கண்ணு? எதுக்கு அழுவுற? சார் என்னா சொன்னாரு?"

"உன்ன வேலய விட்டுத் தூக்கறாங்க சித்தி! இன்னிக்கே போவச் சொல்றாங்க!"

"ஆங்?" என்றாள். அவள் முகம் சுருங்கி, உதடு நடுங்கி, கண் நிறைந்ததை மூன்று பேரும் பார்த்தோம். "சார், எதுக்கு சார்? நான் என்னா தப்பு சார் பண்ணன்?"

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "ஏய், அளபேடா, அழாத. சும்மா சொன்னது. யாரும் எங்கேயும் போக வேண்டாம்." மேசை டிராயரைத் திறந்து எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். மெமோவின் மேல் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மாங்காய்க்குத் தானே போனே?" என்று சித்தியைக் கேட்டார். சித்தி தலையாட்டினாள். "அடுத்த தடவை அந்தப் பழைய லெட்டரே கொடும்மா. இதெல்லாம் படிக்க எனக்கு டைம் இல்ல."

நாங்கள் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "தினமும் இந்தப் பொண்ணு கிட்ட பத்து வேர்டு கத்துக்கோ. உனக்குத்தான் நல்லது."

"சரிங்க சார்" என்றாள் சித்தி.

வெளியே வெயில் பளீரென்றிருந்தது. ஆள் சேரக் காத்திருந்த கம்பெனி பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டார். பஸ் நிறைய முதல் ஷிப்ட் பெண்கள். எங்கள் லைன் வீட்டுக்காரி ஒருத்தி முன் சீட்டிலிருந்து திரும்பி, என்னாச்சு என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, முடிஞ்சிது," என்றாள் சித்தி. "பாப்பாதான் பேசிக் காப்பாத்துச்சு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்தி வேலையை நான் காப்பாற்றியிருக்கிறேன். பெரிய ஆபீசரே இவளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். தள்ளிப்போடுவானேன் என்று அங்கேயே பாடத்தை ஆரம்பித்தேன்.

"சொல்லு சித்தி. டெ-பி-லி-டேட்-டிங்."

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"டெபி... லிட்டிங்."

"தப்பு. நாக்க மடி. டேட்-டிங்."

"டெபிலி... டேட்டிங்."

"இப்ப சேத்துச் சொல்லு."

சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னாள். மேக்னனிமிட்டிக்கு ஐந்து முறை ஆனது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் புதிதாகத் தப்பு செய்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். முன் சீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சரு ரொம்ப ஸ்டிரிக்டு" என்றார் டிரைவர் அண்ணன். எனக்குக் குஷி ஏறிவிட்டது. சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, கேட்ட பத்து வார்த்தைக்கும் மொத்தமாக மார்க் போட்டேன்.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு. போனா போவுது, பாஸ்!"

பஸ்ஸே கை தட்டியது. சித்தியும் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள், சட்டென்று குனிந்து, டேப் பசை ஒட்டிய இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாஸான சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.